சிறிய எண் முன்னால் போகும்

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், சரியாகப் படித்துச் சரியாக எழுதிய ஐந்து வரிகளை, அவள் தவறாக எழுதியவை என்று முதலாளி நம்பும்படி செய்தேன். தவறு என்னுடையது என்பது அப்போதே எனக்குத் தெரியும். முந்தின நாள் பிற்பகலிலேயே தெரிந்துவிட்டது.

நீங்கள் என்னிடம் கேட்டது இதை அல்ல. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும், நம்முடைய இயங்குதளத்தில் வேலையைத் தொடங்குவது எப்படி என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தக் கோப்பை முதலில் திறப்பது, எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியவர் என்னைவிடக் கவனமானவர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்து முடித்தபின் கையேட்டைத் திறந்தால் போதும்.

நான் பெங்களூரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகள் இருந்தேன். இயந்திரங்களுக்குள் உட்கார்ந்து அவற்றை நடத்தும் சிறிய நிரல்களை எழுதுவது வேலை. என் மனைவிக்கு இந்த மலையின் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்று ஆசை. வந்துவிட்டோம். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு விடுதியின் மாடியில் நம் முதலாளி அப்போதுதான் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழே வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். மேலே நாங்கள் அபாயமணியைச் சோதித்துக்கொண்டிருப்போம். வாரத்துக்கு ஒருமுறையாவது விடுதிக்காரர் மேலே வந்து, "சார், அவங்க மௌனத்துல இருக்காங்க, உங்க குய்ங் குய்ங்கைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கெஞ்சுவார்.

நாங்கள் செய்தது கிராமத்துப் பால் சங்கங்களில் இருக்கும் குளிரூட்டும் தொட்டிக்கான கருவி. மாடு வைத்திருப்பவர்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். தொட்டிக்குள் பால் நான்கு டிகிரியில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் கருவி கம்ப்ரஸரை ஓட்ட வேண்டும். ஓட்டியும் இறங்காவிட்டால் மணி அடிக்க வேண்டும். அதோடு எடை போடுவது, திரையில் காட்டுவது, சீட்டு அச்சடித்துக் கொடுப்பது எல்லாம் அதே கருவிதான். ஒரே சிறிய கணினிச் சில்லு, ஐந்து வேலைகள். எந்த வேலை இப்போதே நடக்க வேண்டும், எது கொஞ்சம் பொறுக்கலாம் என்று நொடிக்கு ஆயிரம் முறை முடிவு செய்யும் அடித்தளம் ஒன்று வேண்டும். அதுதான் நிகழ்நேர இயங்குதளம்.

விலை கொடுத்து வாங்க வசதியில்லை. வெளிநாட்டில் சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மூல நிரலோடு இணையத்தில் வைத்திருந்த ஒன்றை, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் இறக்கி, சிடியில் போட்டு எடுத்து வந்தேன். எங்கள் சில்லுக்குப் பொருந்தும்படி அதை மாற்றினேன். அப்படி மூலத்திலிருந்து பிரித்து, தனியாக வளர்ப்பதைத்தான் ஃபோர்க் என்கிறோம். சொல்லச் சுலபம். ஒரு சிறிய விளக்கை அணைத்து எரியவைப்பதுதான் முதல் பாடம். அந்த விளக்கு பதினோரு நாள் எரியவில்லை. நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு பதிப்பின் விளக்கம், என் கையில் இருந்தது வேறொரு பதிப்பு. பதினோரு நாளும் எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் குழப்பம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த மாற்றம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். மூலத்தில், பெரிய எண் உள்ள வேலை முன்னால் போகும். ஐந்து முதலில், ஒன்று கடைசியில். பெங்களூரில் நான் பதினைந்து ஆண்டுகள் பழகியதில் நேர் எதிர்: சிறிய எண் முன்னால். என் கை தன்னால் அவசரமான வேலைக்கு ஒன்று என்றே போட்டது. திருத்துவேன், மறுபடி போடும். ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, என்னை மாற்றிக்கொள்வதற்குப் பதில் இயங்குதளத்தை மாற்றிவிட்டேன். இருபது நிமிட வேலை. எங்கும் குறித்து வைக்கவில்லை. யாருக்காகக் குறிப்பது? படிக்கப்போவது நான் மட்டும்தானே.

இன்னொன்றும் இருந்தது. முதல் கருவி ஓடியபோது முதலாளி என் தோளைத் தட்டி, "எல்லாம் நீங்களே எழுதினதா சார்?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டார். நானும் சாதாரணமாக "ஆமா" என்றேன். அடுத்த வாரம், சொந்த இயங்குதளத்தில் ஓடும் கருவி என்று அவர் நோட்டீஸ் அடித்துவிட்டார். அதன்பின் மூலத்தை யாருக்கும் காட்ட முடியாத நிலை எனக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மூடிய ஒற்றைக் கோப்பாக்கி வைத்தேன். நிரலில் அழைக்க வேண்டிய ஃபங்ஷன் பெயர்கள் மட்டும் வெளியே தெரியும்.

அந்த நிலையில்தான் அம்சவேணி சேர்ந்தாள். அடி அண்ணாமலைப் பெண். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. அப்பா ஏழுமலை மூன்று மாடு வைத்து, கொஞ்சம் நிலமும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் அவள். வந்த முதல் வாரமே என்னிடம் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் பிறகு தருகிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். இரண்டாவது வாரமும் கேட்டாள். மூன்றாவது வாரம் அவள் கேட்கவில்லை. கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள்.

"சார், நம்ம ஃபங்ஷன் பேரை எல்லாம் நெட்ல போட்டுப் பாத்தேன். இதே பேர்லயே ஒண்ணு வருது. தொடங்குறது எப்படின்னு முழுசா போட்டிருக்காங்க. பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன்."

அவள் என்னைப் பிடித்துவிட்டதாக நினைக்கவில்லை. கிடைத்த சந்தோஷத்தில் நின்றாள். இதையே படிக்கலாமா, நம்முடையதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டாள்.

"ஏறக்குறைய ஒண்ணுதான். இதைப் படிச்சாப் போதும்" என்றேன். சீக்கிரம் அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது. என் இருபது நிமிட மாற்றம் அந்த நேரம் நினைவிலேயே இல்லை.

அவள் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். புதிய கருவிக்கான ஐந்து வேலைகளையும் அவளே எழுதினாள். குளிரூட்டலுக்கு ஐந்து, சீட்டு அச்சடிப்பதற்கு ஒன்று. அவள் படித்த பக்கத்தின்படி, குளிரூட்டல்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டும். தொட்டியில் தண்ணீர் விட்டுச் சோதித்தோம். பத்துச் சீட்டு அடித்துப் பார்த்தோம். நன்றாக ஓடியது. வேலை குறைவாக இருக்கும்போது எல்லாருக்கும் முறை வந்துவிடும். யார் முன்னால், யார் பின்னால் என்பது நெரிசலில்தான் தெரியும்.

அந்தப் புதிய கருவிகளில் முதலாவதை அடி அண்ணாமலைச் சங்கத்தில் பொருத்தினோம். அம்சாவின் சொந்த ஊர், அவள் அப்பா பால் ஊற்றும் சங்கம். பொருத்திய அன்று ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சங்கச் செயலாளர் அவரைப் பார்த்து, "என்னா ஏழுமலை, பொண்ணு கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கிற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் பிற்பகல் தொட்டிப் பால் திரிந்துவிட்டது. கிரிவலப் பாதையில் டீக்கடை போட்டு, சங்கத்தில் பால் வாங்குகிறவர்கள் பாலை அடுப்பில் வைத்தால் திரிகிறது என்று கேனோடு திரும்பி வந்து சங்கத்தில் சண்டை போட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததா என்று கேட்டேன், அடிக்கவில்லை என்றார்கள். திரையில் நாள் முழுக்க நான்கு டிகிரி காட்டியதாம். மின்னழுத்தம் குறைந்திருக்கும் என்று முடிவு செய்து, ஸ்டெபிலைசர் ஒன்று வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் மறுபடி. அதே போல் பிற்பகல், அதே போல் நான்கு டிகிரி, அதே போல் திரிந்த பால். இந்த முறை செயலாளர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், போன தடவையும் பௌர்ணமி, இந்தத் தடவையும் பௌர்ணமி" என்றார். அவர் கருவிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். முதலாளி தொட்டியைக் கழுவுகிறவரைச் சந்தேகப்பட்டார். நான் படித்தவன், அதனால் இன்னும் மோசம்: நிலவுக்கும் மின்னணுச் சுற்றுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று ஒரு மணி நேரம் இணையத்தில் தேடினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்சா மட்டும் தன் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு முறையும் அது சரியாகவே இருந்தது.

மூன்றாவது பௌர்ணமிக்கு நானே காலையிலிருந்து தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அம்சாவை முதலாளி வேறு ஊருக்கு ஒரு கருவியோடு அனுப்பியிருந்தார். மற்ற நாட்களில் சங்கத்தில் காலையிலும் மாலையிலும்தான் கூட்டம். பௌர்ணமியன்று அப்படியில்லை. மலையைச் சுற்றி நடக்க வருகிற லட்சக்கணக்கான ஆட்களுக்கு டீ போட வேண்டும். கடைக்காரர்கள் விடியலிலிருந்து கேனோடு வரிசையில் நின்றார்கள். ஒரு கேனுக்கு ஒரு சீட்டு. அச்சு இயந்திரம் ஓயவே இல்லை.

மதியம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "திரையைப் பாக்காதீங்க, கேன்ல கை வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் நான்கு. தெர்மாமீட்டரைப் பாலில் விட்டேன். பதினேழு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

செயலாளர் சாப்பிட எழுந்தார். வரிசை நின்றது, சீட்டு அச்சடிப்பதும் நின்றது. அடுத்த கணம் திரையில் நான்கு என்றிருந்தது பதினேழாக மாறியது. மணி அலறியது. கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் திரும்பி வந்து சீட்டு அடிக்க ஆரம்பித்ததும், திரையில் எண் அப்படியே உறைந்து நின்றது.

சீட்டு அச்சடிக்கும் வேலை, குளிரூட்டும் வேலைக்கும் திரைக்கும் முறை வரவே விடாமல் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பையிலிருந்து அம்சாவின் நிரலை எடுத்துப் பார்த்தேன். குளிரூட்டலுக்கு ஐந்து, சீட்டுக்கு ஒன்று. தலைகீழாகப் போட்டிருக்கிறாளே என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அடுத்த கணம் அவள் கொண்டுவந்த காகிதக் கட்டு நினைவுக்கு வந்தது. அதன்பின் அந்த மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு நான் செய்த இருபது நிமிட வேலை. அவள் தலைகீழாகப் போடவில்லை. நான் இயங்குதளத்தையே தலைகீழாக்கி வைத்துவிட்டு, மாற்றாத ஒன்றின் விளக்கத்தைப் படிக்கச் சொல்லியிருந்தேன்.

எண்களை அங்கேயே மாற்றினேன். நெரிசலிலும் கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடியது. அன்றைய பால் முழுவதும் கெட்டிருந்தது.

மறுநாள் காலை முதலாளி கேட்டார். "என்னா சார், கண்டுபிடிச்சீங்களா?"

"முன்னுரிமை நம்பர் தலைகீழா இருந்துது. மாத்திட்டேன்."

"யாரு போட்டது?"

இந்த இடத்தில் என்னிடம் நேரம் இருந்தது. அவர் கோபப்படவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். நான் மாற்றினேன் என்று சொன்னால், எதை மாற்றினீர்கள் என்று கேட்பார். மூலம் வேறு யாரோ எழுதியது என்று சொல்ல வேண்டிவரும். அச்சடித்த நோட்டீஸ் அவர் மேசைமேல் கிடந்தது.

"அம்சா போட்டது" என்றேன்.

நான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை. எண்களைப் போட்டது அவள்தான். இளைஞர்களாகிய உங்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். நம் தொழிலில் பொய் சொல்லத் தேவையே வராது. உண்மையில் பாதியை எடுத்து வைத்தால் போதும், மீதியை எதிரில் இருப்பவர் தானாகவே நிரப்பிக்கொள்வார்.

வேறு ஊரிலிருந்து திரும்பிய அம்சாவிடம் முதலாளி இதைச் சொல்லியிருக்கிறார். அன்று மாலை அவள் பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துவிட்டு, அடுத்த நாள் என் மேசைக்கு வந்தாள். "சார், பெரிய நம்பர்தான் முன்னாடி போகும்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா மெஷின்ல சின்ன நம்பர்தான் போகுது. நானே ஓட்டிப் பாத்துட்டேன். எனக்குப் புரியல சார்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. புரியவில்லை என்றுதான் சொன்னாள். நான் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அது வேற வெர்ஷனா இருக்கும். நீ சரியாப் படிச்சியா? செக் பண்ணியிருக்கணும் இல்ல?"

"சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

முதலாளி அவளைத் திட்டவில்லை. நிரல் பக்கம் வேண்டாம், சோதனையும் பேக்கிங்கும் பார்த்துக்கொள் என்றார். மூன்று வாரம் பார்த்தாள். நான்காவது வாரம் வரவில்லை. ஊரில் என்ன நடந்தது என்று பின்னால் செயலாளர் சொல்லித்தான் தெரியும். கருவி செய்தது யார் பெண் என்று எல்லாருக்கும் தெரியுமே. பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது யாராவது ஆரம்பிப்பார்களாம்: "ஏழுமலை, உம் பொண்ணு இன்னிக்கு உள்ள என்னா வெச்சிருக்கு, பாலா தயிரா?" ஒரு மாதம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு காலையில், கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு, சங்க வாசலைத் தாண்டி, செங்கம் சாலையில் இருக்கும் தனியார் கொள்முதல் இடத்துக்குப் போய்விட்டார். போக வர ஆறேழு கிலோமீட்டர் ஜாஸ்தி. தினம் இரண்டு வேளை.

இதைக் கேட்டபிறகும் நான் பேசாமல் இருந்தேன். நான்கு ஆண்டுகள். என் சம்பளம் இரண்டு முறை உயர்ந்தது.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, எல்லாவற்றையும் மற்றவர்களிடம் ஒப்படைக்கும்படி முதலாளி சொன்னார். மூடிய கோப்பைத் திறந்து மூலத்தைக் கொடுத்தேன். சென்னையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்திருந்த ஒருவர் அதை வாங்கினார். இன்று உங்களுக்கு மேலே இருப்பவர்தான். அம்சா செய்த அதே காரியத்தை அவரும் செய்தார்: இணையத்தில் மூலத்தின் விளக்கத்தைப் படித்து, அவசரமான வேலைக்குப் பெரிய எண் போட்டார். ஆனால் அவரிடம் மூலம் இருந்ததால், மூன்று மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும், "எவன் சார் இந்த ஃபோர்க்ல பிரையாரிட்டியைத் திருப்பி வெச்சது? ஒரு வரி எழுதி வெக்க மாட்டானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல். நான்கு ஆண்டுகளாக எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முதலாளியும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரிடம் முழுவதும் சொன்னேன், மூலம் என்னுடையது அல்ல என்பது உட்பட. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "எல்லாரும் எடுத்துக்கலாம்னுதானே சார் போட்டிருக்காங்க? எடுத்ததுக்கா இத்தனை வருஷம் பயந்தீங்க?" நான் பயந்த விஷயம் அவருக்கு விஷயமாகவே படவில்லை. அதற்காக ஒரு பெண்ணைப் பலி கொடுத்திருந்தேன்.

அம்சா வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்தில், தற்காலிகக் கணினி ஆப்பரேட்டராக இருந்தாள். விண்ணப்பங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை. அங்கே அவளைத் தேடிப் போனேன். இருவரும் வெளியே புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் இரண்டு காகிதங்களைக் கொண்டு போயிருந்தேன்: மூலத்தில் அந்தப் பகுதி, நான் மாற்றிய அதே பகுதி. சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னேன். முடித்ததும், "எந்த வரி சார்?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். இரண்டையும் மடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். நான்கு முறை படித்திருப்பாள்.

"அப்போ நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"இங்க ஒரு அப்ளிகேஷனை நாலு தடவை படிப்பேன் சார். செக்‌ஷன்ல எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு பேரைப் படிச்சுட்டு, இது நெஜமாவே இந்தப் பேர்தானான்னு திரும்பப் பாப்பேன். கண்ணுல படுறதுமேலயே நம்பிக்கை போயிடுச்சு."

அவள் வேலை போனதையும், ஊரில் அவமானப்பட்டதையும் நான் கணக்கில் வைத்திருந்தேன். இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். முதலாளி சம்மதித்துவிட்டார் என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம் சார். எங்கப்பா கிட்ட சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தாள். "வீட்ல வேணாம். சங்கத்துல வந்து சொல்லுங்க, பால் ஊத்துற நேரத்துல. அங்கதானே எல்லாரும் கேட்டாங்க."

அடுத்த ஞாயிறு காலை போனேன். அம்சா சொல்லி ஏழுமலை வந்திருந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றி வாசலில் நின்றார். கேன் பின்னால் கட்டியிருந்தது. வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள். செயலாளர் என்னைக் காட்டி, சார் ஏதோ பேசணுமாம் என்றார்.

முன்னுரிமை எண் என்று ஆரம்பித்தேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கே நான் சொல்வது சமாளிப்பதுபோல் கேட்டது. நிறுத்திவிட்டு, அவர்கள் நிற்கிற வரிசையைக் காட்டிச் சொன்னேன். டோக்கன் ஒன்று வைத்திருப்பவர் கடைசி, ஐந்து வைத்திருப்பவர் முதல் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நான் அதைத் திருப்பி வைத்தேன். திருப்பியதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் புத்தகத்தில் இருந்தபடி டோக்கன் கொடுத்தாள். பால் கெட்டது. பழி அவள்மேல் விழுந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் ஒரு வயதான அம்மா, "ஏம்பா, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னா?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், இப்போது மெஷின் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்று செயலாளர் சொன்னார். இரண்டு பேருக்கு அப்படி ஒரு சம்பவம் நடந்ததே நினைவில்லை. கிண்டல் செய்தவர்களில் ஒருவர் குனிந்து தன் கேன் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை என்னைப் பார்த்துக் கேட்டார்: "எனக்கு அந்த டோக்கன் கதை புரியல சார். ஒண்ணு சொல்லுங்க. பால் கெட்டது எம் பொண்ணாலயா, உங்களாலயா?"

"என்னாலங்க."

தலையை ஆட்டினார். "சரி" என்றார். செயலாளர் எழுந்து, "அப்புறம் என்னா ஏழுமலை, கேனை எறக்கு" என்றார். ஏழுமலை பெடலை மிதித்துச் செங்கம் சாலைப் பக்கம் போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான் போனார். சங்கத்துக்கு அவர் திரும்பவே இல்லை. நான் போனதால் அவருக்கு ஏதாவது ஆனதா, ஆகவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அம்சா போன் செய்தாள். மூலம் முழுவதும் வேண்டும் என்றாள், நம்முடையதும் அவர்களுடையதும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு தபாலில் ஒரு கட்டு வந்தது. இரண்டு மூலங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, நான் எங்கெல்லாம் எதை மாற்றினேன் என்று எழுதியிருந்தாள். நான் என்னென்ன மாற்றினேன் என்று கேட்டிருந்தால் மூன்று என்றிருப்பேன். அவள் கண்டது பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே, புதிதாகத் தொடங்குபவர் எதில் தடுக்கி விழுவார் என்று இரண்டு வரி.

அதுதான் உங்கள் கையில் இருக்கும் கையேடு. முதல் பக்கத்தில், மூலத்தை எழுதியவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அதற்குக் கீழே அம்சவேணியின் பெயர். என் பெயர் மாற்றங்களின் பட்டியலில் மட்டும் இருக்கிறது, பதினோரு இடங்களில். முதல் மாற்றம் உங்களுக்கு இப்போது தெரியும். பதினோராவதைப் பற்றி அவள் போனில் கேட்டாள். கருவி தொடங்கும்போது இரண்டு நொடி ஒன்றும் செய்யாமல் நிற்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். பழைய டைரிகளை எல்லாம் புரட்டினேன். தெரியவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்ததுபோல் இருந்தது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: "காரணம் தெரியவில்லை. மாற்றியவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இந்த வரியை எடுப்பவர்கள், எடுப்பதை எழுதிவைத்துவிட்டு எடுக்கவும்."